தேய்மானம்

ஆறு வந்து போன ஒன்பதாம் நாள்
காப்புறுதிக்காரர் வந்தார்.
சப்பாத்துக்கு நீல உறை,
கையில் நான்கு நிரல் போட்ட படிவம்:
பொருள், வாங்கிய ஆண்டு, விலை, தேய்மானம்.
நிலவறைச் சுவரில் சேற்றுக்கோடு
என் தோள் மட்டத்தில் நின்றது.

இசைத்தட்டுகள் எத்தனை என்றார்.
இருநூற்றுப் பதினேழு.
உறைகள் கூழ். நடுவில் ஒட்டியிருந்த தாள்களை
வுப்பர் தின்றுவிட்டது.
எல்லாம் இப்போது ஒரே கறுப்பு.

"அப்படியென்றால் எது எதுவென்று
உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேலே கூட்டிப்போய்
குளியல் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்து
சவர்க்கார நுரை சொட்டச் சொட்ட
ஜன்னல் பக்கம் சரித்துப் பிடித்தேன்.
பாருங்கள், ஹெர் லூட்கே,
மெதுவான இடம் நெருங்கி மின்னும்.
மேளம் விழுகிற இடம் அகன்று இருளும்.
இந்தக் கீறல்
தொண்ணூற்றிரண்டில் என் மகன்
விளையாட்டு லொறி ஓட்டிய றோட்டு.

எழுதுங்கள்:
பார்மன் சந்தை, எண்பத்தெட்டு, இரண்டு மார்க்.
சுரங்கத் தொழிலாளரின் பித்தளை வாத்தியக் குழு.
வாங்கி ஐந்து மாதம் என்னிடம் பிளேயர் இல்லை.
அகதி விடுதியில் தலையணைக்கும் சுவருக்கும் நடுவே
கேட்காமலே வைத்திருந்தேன்.
மூன்றாம் நிமிடத்தில் யாரோ இருமுவார்.
என்ன வாசிக்கிறார்கள் என்பதே மறந்துபோகும்,
இருமலுக்காகக் காத்திருப்பேன்.

இது தோடி. மதராசில் அழுத்தியது.
உறையில் வீணை, உள்ளே நாகஸ்வரம்;
பொதி கட்டியவரின் தவறு, என் அதிர்ஷ்டம்.
உச்சத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருப்பார்,
பக்கம் முடிந்துவிடும்.
அவர் முடிக்கவில்லை, தட்டு முடிந்தது.
மிச்சத்தை முப்பது வருடமாய்
பாத்திரம் கழுவியபடி நான் முடிக்கிறேன்.
ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

கொழும்புச் சின்னத்தட்டு, நாற்பத்தைந்து.
என் முதல் பிளேயரில் வேகக் குமிழ் உடைசல்,
முப்பத்து மூன்றில்தான் சுழலும்.
பைலா பாடிய பெண் எனக்குப் பன்னிரண்டு வருடம்
துக்கம் தாங்காத ஓர் ஆண்.
சரியான வேகத்தில் கேட்ட அன்று
ஏமாற்றிவிட்டார்கள் போலிருந்தது.
இன்றும் பிழையாய்த்தான் கேட்கிறேன்.

பாட்டே இல்லாததும் உண்டு.
ஒலிச்சோதனைத் தட்டு. இரண்டு நிமிடம் ஒரே கூ,
பிறகு இன்னும் மேலே ஒரு கூ.
கணவரோடு கதைக்காத நாளில் போடுவேன்.
அவர்தான் முதலில் கதைப்பார்.

பேனா முதல் நிரலைத் தாண்டவில்லை.
"தேய்மானம்?" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

கேட்டால் தேயும்.
ஊசி ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தின்னும்.
இதில் புத்தம்புதிதாய் இருப்பதெல்லாம்
எனக்குப் பிடிக்காதவை.
மோசமாய்க் கரகரப்பதற்குத்தான்
நீங்கள் கூட விலை போட வேணும்.

"எங்கள் அட்டவணை மறுவளம்," என்றார்.
தட்டுக்கு மூன்று யூரோ, மொத்தமாய்.

கோபமில்லை. அவருக்கு இந்தத் தெருவில்
இன்னும் ஐந்து வீடு.
கையெழுத்து வைத்தேன்.
கதவடியில் நின்றவர் திரும்பினார்:
"அந்த இருமல். அது தப்பிவிட்டதா?"

துடைத்து வைத்தேன்.
நீல உறைச் சப்பாத்தோடு
சமையலறைக் கதிரையில் இருந்தார்.
பித்தளை புறப்பட்டது. ஈரம் பொரிந்தது.
ஒரு நிமிடம். இரண்டு.
மூன்றாவது வரும் நேரம் பார்த்து
ஜன்னலுக்கு வெளியே தொங்குரயில்
ஆற்றின் மேல் தடதடத்துப் போனது.
கரண்டிகள் நடுங்கின.
இருமல் அதற்குள் போய்விட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் எழும்பி, என்னைக் கேட்காமல்,
ஊசியைத் தூக்கி
ஒரு நகத்தளவு பின்னுக்கு
சத்தமே இல்லாமல் இறக்கினார்.

பழகிய கை.